வெல்ஷ்காரரின் கதிரை

ஹலோ... ஹலோ, ஜெயரட்ணமோ?... ஓம், நான்தான், சச்சி... மெல்பேண் சச்சி... டேய், கம்பஸில நாலு வருசம் உன்னோட ஒரே அறையில குறட்டை விட்ட சச்சிதானந்தன். காணுமோ?... ஓம் ஓம், எல்லாரும் சுகம். உங்க எப்பிடி, சிட்னியில, பரமட்டாவில மழையோ?... சரி, மழையை விடு. உன்ர 'மடல்' பத்திரிகை நாளைக்குக் காலமைதானே அச்சுக்குப் போகுது?... அப்பாடா. அப்ப ஒரு பேனையை எடு. நான் சொல்லச் சொல்ல எழுது.

முதல் பக்கத்துக்கு மச்சான்... ஓம், முதல் பக்கம். போன முறை எங்கட பொங்கல் விழாவைக் கொண்டு போய்க் கத்தரிக்காய்க் குழம்புச் செய்முறைக்குக் கீழ போட்டனீ, அது மாதிரிச் செய்யாதை... சரி. எழுது. தலைப்பு, 'வெல்ஷ் இலக்கிய விழாவில் தமிழுக்கு அரியாசனம்'... எழுதிட்டியோ?... அரியாசனம். ஆசனமில்லை, அரியாசனம்... ஓம், அப்பிடித்தான் போடவேணும். கேள். 'கடந்த சனிக்கிழமை மெல்பேண் மாநகரில் வெல்ஷ் மக்கள் நடத்திய இருமொழி இலக்கிய விழாவில், மெல்பேண் தமிழ்ச் சங்கத்தின் நிறுவுநரும், ஐந்தாண்டுகாலத் தலைவரும், நில அளவை நிபுணரும், இன்னிசைச் செல்வரும், தீந்தமிழ்ச் செம்மலுமான...' என்ன?... இன்னிசை ஏனெண்டால் நான் பாடுவன்தானே... நீ கேட்டனீதானே, அறையில... சரி, இன்னிசையை வெட்டு. செம்மல் இருக்கட்டும்... ஆர் தந்ததெண்டால்? சங்கம் தந்தது... ஓம், தலைவர் நான்தான். அதுக்கென்ன?

'...ஆன உயர்திரு சச்சிதானந்தன் அவர்கள், வெல்ஷ் பெருமக்களால் புலவர் கதிரையில் அமர்த்தப்பட்டார்.' முற்றுப்புள்ளி... கதிரைதான். அவையின்ர பெரிய பரிசே கதிரைதான் மச்சான். காசுமில்லை கப்புமில்லை. நல்ல பாட்டு எழுதினால் ஒரு கதிரை செய்து, சபைக்கு முன்னால அதில இருத்தி எழுப்புவினம். ஓக் மரம். கைபிடியில ட்ராகன் வெட்டியிருக்கு. பிரைஸ் எண்டொரு தச்சன் ஆறு மாசமா இழைச்சது... எங்கயோ? இஞ்சதான், என்ர வீட்டு ஹோலில, ரெலிபோனுக்குப் பக்கத்தில. பிரைஸே வானில கொண்டு வந்து இறக்கினவர். நான் இப்ப அதிலதான் இருந்து கதைக்கிறன். முதுகுக்கு என்ன சுகமெண்டு நினைக்கிறாய்...

ஏன்ரா சிரிக்கிறாய்?... இல்லை, சிரிச்சனீ. எனக்குக் கேட்டது... என்ன கடிதம்?... மிஸிஸ் பிரிட்சார்டோ? அந்த மனிசி, விழாச் செயலாளர், அது ஏன் உனக்குக் கடிதம் போடுது?... அது இருக்கட்டும், என்ன எழுதியிருக்கு?... ம்... ம்... படமும் வைச்சதோ?... என்ன படம்?... ஆர் நிக்கிறது?... ஆர் இருக்கிறது?...

ஜெயம். அந்தப் படத்தைப் போடாதை.

மச்சான், நான் சொல்லுறதைக் கேள்... இல்லை, அச்சுக்கு ப்ளொக் வெட்டி முடிச்சிருந்தாலும் பரவாயில்லை, போடாதை. ஒஸ்ரேலியாவில தமிழ்ச் சனம் எத்தினை வீடு? சிட்னி, மெல்பேண், கன்பராவில ஒரு நாலு வீடு, அடிலெய்டில அந்தப் பல் டொக்டர். அவ்வளவு பேரும் உன்ர மடலைத்தான் பாக்குதுகள். என்ர மானம் கப்பலேறிப் போடும்... ஓம், கப்பல்ல வந்த மானம்தான். பகிடி விடாதை. அடுத்த மாசம் சங்கத் தலைவர் தெரிவு வருது, தெரியும்தானே?

சரி. சரி. உனக்கெண்டபடியால் நடந்ததைச் சொல்லுறன். உன்ர மனிசி பக்கத்தில நிக்கிறாவோ?... தள்ளிப் போகச் சொல்லு.

உந்த வெல்ஷ்காரர், இங்கிலாந்துக்குப் பக்கத்து வேல்ஸ் நாட்டுச் சனம், ஒவ்வொரு வருசமும் விழா வைக்கிறவை. அவையின்ர பாஷையில ஒருக்கா, பிறகு இங்கிலீசில ஒருக்கா, எல்லாம் ரெண்டு ரெண்டு தரம். இந்த வருசம் புதுசா ஒரு யோசினை. வேற ஒரு பாஷையையும் விருந்துக்குக் கூப்பிட்டு, அந்தப் பாஷையில எழுதுற ஆளுக்கும் ஒரு கதிரை குடுக்கிறதெண்டு. தமிழைத்தான் கூப்பிட்டவை... ஏன் தமிழெண்டால், நாகலட்சுமியால. என்ர மனிசி பிரன்ஸ்விக் துணி ஃபக்டரியில வேலைதானே. இந்த மிஸிஸ் பிரிட்சார்ட் அங்க ஒபிஸில. மத்தியானச் சாப்பாட்டு நேரம் ரெண்டு பேரும் ஆளுக்கொரு பாஷையில பாட்டுச் சொல்லி விளையாடுவினமாம். சாவகச்சேரியில தமிழ் ரீச்சரா இருந்தவதானே, வாய் சும்மா கிடக்காது. அதில வந்த அழைப்பு. சங்கத் தலைவர் எண்டபடியால் வாழ்த்துரைக்கு என்னைக் கேட்டவை. ஐஞ்சு நிமிசம்.

...எவ்வளவு நேரமோ? ஒரு... இருவத்தைஞ்சு. அதுக்குள்ள முடிக்கேலுமோ மச்சான்? வெல்ஷும் தமிழும் ஒரு தாய்ப் பிள்ளையள் எண்டு நிறுவ வேண்டாமோ? அவைக்கு நாக்கை மடிச்சு, பக்கத்தால காத்து விடுற ஒரு எழுத்திருக்கு. அது எங்கட ழகரம்தான் எண்டு சொன்னனான்... ஆதாரமோ? சத்தம் கேட்டால் தெரியும்தானே... சனம் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தது. அப்பிடி ஒரு அமைதி.

பேசி முடிச்சனான். திரும்பிப் பாக்கிறன், மேடையில ஒரேயொரு கதிரை. நடுவில. பெரிசு. வெறுமையா. நீ சொல்லு, எங்கட ஊர்க் கூட்டத்தில மேடைக்கு நடுவில பெரிய கதிரை ஆருக்கு?... ஆ! தலைவருக்குத்தானே! பேசினவன் கீழ இறங்கிப் போய்ச் சனத்தோட இருந்தால் அவனை அவமதிச்சதெண்டல்லோ அர்த்தம். ஒரு பொன்னாடை கூடப் போர்த்தேல்லை, சரி, கதிரையாவது வைச்சிருக்கினமே எண்டு நினைச்சு... ஓம். இருந்திட்டன்.

சிரி. சிரி. நல்லாச் சிரி... 

ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லை. அதுதானே பிழை! எங்கட சனமெண்டால் 'டேய் எழும்படா' எண்டு பின்னால இருந்து கத்தியிருக்கும். இவை வலு மரியாதையான சனம். மிஸிஸ் பிரிட்சார்ட் ஒரு கிளாஸ் தண்ணி கொண்டு வந்து தந்து, காதுக்குள்ள கேட்டுது, 'கீழ இருந்தால் உங்களுக்கு இன்னும் வசதியா இருக்குமோ' எண்டு. நான் 'நோ நோ, வெரி கொம்ஃபட்டபிள், தாங்க் யூ' எண்டன்... ஓம், காலுக்கு மேல கால் போட்டுத்தான்.

பேந்து ஒரு பெரிய மனிசன் வாளோட வந்தார்... வாள்! மெய்யாத்தான். அது அவையின்ர வழமையாம். வாளை அரைவாசி உருவிப்போட்டு, சபையைப் பாத்து 'சமாதானமோ?' எண்டு மூண்டு தரம் கேக்கிறது. சனம் 'சமாதானம்!' எண்டு கத்த வேணும். அப்பத்தான் கவிஞர் கதிரையில இருக்கலாம். நான் என்ன நினைச்சனெண்டால்... ஓம், எனக்குத்தான் எண்டு நினைச்சன். வேற என்னத்தை நினைக்கிறது, வாள் என்ர தலைக்கு மேல நிக்கேக்க? ஆனால் அந்த மனிசன் உருவவுமில்லை, கேக்கவுமில்லை. என்னைப் பாக்குது, பிரிட்சார்டைப் பாக்குது.

கடைசியா மிஸிஸ் பிரிட்சார்ட் ஒரு பேரை வாசிச்சுது. அவையின்ர போட்டியில உண்மைப் பேர் போடக்கூடாது. புனைபேர் மட்டும். உண்மைப் பேர் ஒட்டின என்வலப்புக்குள்ள. ஆர் வெண்டதெண்டு அந்த நிமிசம் வரைக்கும் பக்கத்தில இருக்கிற ஆளுக்கும் தெரியாது. பேரை வாசிச்சால் அவர் தானா எழும்பி நிக்க வேணும். 'முக்காலி' எண்டு வாசிச்சுது. என்ன பேரடா இது, ஆரின்ர விசர் வேலை எண்டு நினைச்சுக்கொண்டு கீழ பாக்கிறன், மூண்டாம் வரிசையில நாகலட்சுமி எழும்பி நிக்கிறா.

...

ஓம். என்ர நாகலட்சுமி. சீலைக்கு மேல அந்தச் சாம்பல் கோட்டு, கையில வடைப் பெட்டி.

சத்தியமா எனக்கு விளங்கேல்லை ஜெயம். வடை ஆறப் போகுதெண்டு சொல்ல எழும்பிறாவாக்கும், இல்லாட்டி ரெயினுக்கு நேரமாச்சாக்கும் எண்டுதான் நினைச்சன். இவ்வளவு பெரிய சபையில இப்பிடி எழும்பி நிண்டால் என்ர மரியாதை என்னாகிறது? அதுதான் கையைத் தூக்கி, இரு இரு எண்டு... ஓம்... மூண்டு தரம் காட்டினன். அந்த நேரம் பாத்து எவனோ படத்தை எடுத்துப் போட்டான்.

அதுதான் உன்ர கையில இருக்கிற படம்... தெரியும். தெரியும்தானே. நான் கதிரையில, கையைத் தூக்கிக்கொண்டு. அவ கீழ, நிண்டு கொண்டு... முகம் எப்பிடி இருக்கு?... என்ர முகமில்லை, அவவின்ர... ம்.

பேந்து என்ன, அவவே மேடைக்கு ஏறி வந்தவ. பக்கத்தில வந்து, ஒருத்தருக்கும் கேக்காமல் 'எழும்புங்கோ' எண்டா. இருவது வருசத்தில என்னை அவ அப்பிடி ஒரு சொல் சொன்னதில்லை. எழும்பிட்டன். அவ இருந்தா. வாள்காரன் கேட்டார், சனம் சமாதானம் எண்டு கூரை அதிரக் கத்திச்சுது. நானும் கத்தினன்... பயத்திலதான். வடைப் பெட்டி அப்ப என்ர கையில.

இப்ப சொல்லு, அந்தப் படத்தை... என்ன, நீ சிரிக்கிறாயில்லை?... உனக்கு முதலே தெரியுமோ?... கடிதத்தில இருந்ததோ?... அதுக்கும் முதலோ?... என்ன? தமிழுக்கு நடுவர் நீயோ! அட பாவி, அதுதான் அந்த மனிசி உனக்குக் கடிதம் போட்டதோ! இவ்வளவு நேரமும் வாயைப் பொத்திக்கொண்டு என்னைச் சொல்ல விட்டு... ஓம், ரகசியம் ரகசியம். புனைபேர்தானே, அவதான் எண்டு உனக்கும் அப்ப தெரியாது, சரி.

எத்தினை பாட்டு வந்தது?... ஏழோ. ம்... சும்மா கேக்கிறன், அதில 'தென்துருவத் தேன்குயில்' எண்டு ஒருத்தர் எழுதியிருந்தாராமே. கேள்விப்பட்டன். அது எப்பிடி?... ஏழாவதோ... ஏழு பேர்தானே எழுதினவை... ஓ... முப்பத்தெட்டு இடத்தில 'வாழ்க' எண்டிருந்ததோ? நீ எண்ணினனீயோ?... இல்லை, எனக்கு ஆரெண்டு தெரியாது. ஆரோ பாவம். உணர்ச்சியில எழுதியிருப்பான்... குயில் தொண்டை கட்டிப்போச்சோ. நல்லாச் சொன்னாய். மெத்தச் சந்தோசம்.

அப்ப முக்காலி முதலாவது... அவ்வளவு திறமோ?... இல்லை, நான் வாசிக்கேல்லை... விழாவில மூண்டு பாஷையிலையும் வாசிச்சவைதான். நான் கேக்கேல்லை மச்சான். மேடைக் கரையில வடைப் பெட்டியோட நிண்டு, ஆர் ஆர் என்னைப் பாத்தவை எண்டு பாத்துக்கொண்டு நிண்டன். வீட்ட வந்தும் கேக்கேல்லை. அவவும் சொல்லேல்லை. சனி, ஞாயிறு, திங்கள், செவ்வாய், நாலு நாள். சோறு போடுறா, தேத்தண்ணி தாறா. வெண்டவ எண்ட ஒரு பவிசு? ம்ஹூம்... நான் என்னத்தைச் சொல்லுறது? நல்லது எண்டனான்... இல்லை, கதிரையைக் கொண்டு வந்து இறக்கேக்க. எங்க வைக்கிறதெண்டு கேட்டா, ஹோலில வையும், வாற ஆக்கள் பாக்கட்டும் எண்டன்.

உன்னட்ட இருக்கோ அந்தப் பாட்டு?... இப்பவோ? நிமிசத்துக்குக் காசு ஓடுற ட்ரங்க் கோலில பாட்டோ?... சரி, வாசி. கெதியா வாசி.

...

ஓம்... ஓம், நாலு கதிரைதான். வந்த வருசம் வாங்கினது, எழுபத்திரண்டில. மேசையோட சேத்து நாலு கதிரை... ம்... ஒண்டு அவருக்கு... ஓம், அது எனக்கு... ரெண்டு பெடியளுக்கு... வாசி.

...

நாலாவது... பொறு. அதில கிடக்கிறது சங்கத்து ஃபைல் ஜெயம்! பதினொரு ஃபைல். யாப்பு, கூட்டக் குறிப்பு, அங்கத்தவர் விபரம். நிலத்திலயோ போடுறது? தமிழல்லோ... என்ன?... அதையும் எழுதியிருக்கிறாவோ?... நான் சொன்ன அதே சொல்லோ? 'தமிழை நிலத்தில் போடலாமா' எண்டோ?

...வாசி. நான் குறுக்க கதைக்கேல்லை.

...

...

திருப்பி வாசி. கடைசி ரெண்டு வரியும்.

...'நாலாவது கதிரையில் தமிழ் இருக்கிறது. தமிழ் பேசுகிறவள் நின்றபடி சாப்பிடுகிறாள்.'

...

இல்லை, லைன் இருக்கு. கதிரையால எழும்பி நிக்கிறன்... ஓம். முக்காலி ஒண்டிருக்கு, அடுப்புக்குப் பக்கத்தில. கால் ஒண்டு ஆடும். அதில சில நேரம் இருப்பா... ஐஞ்சு வருசம். நான் காணேல்லை எண்டு சொல்லேலாது. கண்டனான்தான். கண்ணுக்கு முன்னாலதானே. ஆனால் ஒரு நாளும் கேக்கேல்லை... அவவாவது சொல்லியிருக்கலாமே?... ஓம். சொல்லித்தான் இருக்கிறா. ஃபக்டரிக் காகிதத் துண்டின்ர பின்பக்கத்தில எழுதி, இங்கிலீசாக்கி, அந்த மனிசி வெல்ஷிலையும் ஆக்கி, முந்நூறு வெள்ளைக்காரருக்கு முன்னால. எனக்குத்தான் கடைசியா வந்து சேர்ந்திருக்கு, அதுவும் சிட்னி சுத்தி. 

வெக்கமாக் கிடக்கடா... மெய்யாத்தான்... நீ ஆறுதல் சொல்லாதை, எனக்கு ஆத்திரம் வரும்.

...பொறு, கதவில திறப்புப் போடுற சத்தம் கேக்குது. அவ வந்திட்டா. ஆறு மணி ட்ராமில வாறவ. வைச்சிடாதை, லைனில நில்லு.

இஞ்சேரும்... ஜெயரட்ணம்தான், சிட்னி... இல்லையப்பா, ஒருத்தருக்கும் ஒண்டுமில்லை... ஓம், நிண்டுகொண்டுதான் கதைக்கிறன்... இடுப்பில நாரிப்பிடிப்பு ஒண்டுமில்லை. சும்மா நிக்கிறன். பையை இஞ்ச தாரும். நீர் இதில இரும்... இதில... உம்மடதுதானே, இரும்... சோறு பிறகு பாப்பம்... 

ஹலோ, ஜெயம்... இல்லை, இருக்கேல்லை. அரிசி கழுவ வேணுமாம்.

இஞ்சேரும், ஒரு நிமிசம். அந்தப் படம் இவனிட்டப் போயிருக்கு. விழாப் படம்... ஓம், நான் கையைக் காட்டுற படம். நாளைக்கு மடலில போடப் போறானாம்... என்ன?... என்ன சொன்னனீர்?... உண்மையாவோ?

...

ஜெயம்... அவ சொல்லுறா, படத்துக்குக் கீழ 'தலைவர் வாழ்த்துகிறார்' எண்டு போடச் சொல்லட்டாம். கை அப்பிடித்தானே இருக்கு, சனம் நம்பும் எண்டு. தனக்கு ஒண்டுமில்லையாம். உங்களுக்குச் சங்கத் தெரிவு வருகுதெல்லோ எண்டு சொல்லிப்போட்டுப் போறா.

...ஓம். நானும் அதைத்தான் கேக்க வெளிக்கிட்டனான். உனக்குப் போன் எடுக்கேக்க அந்தத் தெரிவைத்தான் மனசில வைச்சிருந்தனான்.

...

பேனை இருக்கோ?... முதல் எழுதினதை வெட்டு... எல்லாத்தையும்... ஓம், அரியாசனத்தையும். செம்மலையும். பாட்டை முழுசாப் போடு, ஒரு சொல்லும் விடாதை, ஃபைலையும் விடாதை. படத்தைப் போடு. ஓம், முதல் பக்கத்தில. கீழ எழுது... 'எழுந்து நிற்பவர், கதிரைப் பரிசு பெற்ற கவிஞர் நாகலட்சுமி'... சாவகச்சேரி எண்டும் போடு.

...இருக்கிறவரோ?

...இருக்கிறவற்ற பேர் வேண்டாம்.

...இல்லை, யோசிச்சுத்தான் சொல்லுறன். சனம் கண்டு பிடிச்சால் பிடிக்கட்டும்... சரி மச்சான், வைக்கிறன். அவ குசினிக்குள்ள போயிட்டா. ஃபைலெல்லாம் இன்னும் அந்த நாலாவது கதிரையிலதான் கிடக்கு.